ஸ்கோப்பில் எழுதியிருக்கும் 40, மீட்டர் கணக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் டூல்ரூமில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். போன ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் துப்பாக்கி சுடுதல் பற்றி ஒரு கட்டுரை வந்ததே, அதை டீக்கடையில் ஒரு தடவை, வீட்டுக்கு வாங்கி வந்து ஒரு தடவை என்று இரண்டு தடவை படித்தேன். வடசென்னை என்றால் கேரம், குத்துச்சண்டை, கால்பந்து என்று மூன்றோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் மத்தியில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் துப்பாக்கியும் சுடுகிறார்கள் என்று எழுதியதற்கு முதலில் நன்றி.

ஆனால் அதில் ஸ்கோப், அதாவது ரைஃபிள் மேல் மாட்டுகிற குறிபார்க்கும் தொலைநோக்கி, பற்றி ஒரு வரி. "3-9x40 ஸ்கோப் என்றால் 40 மீட்டர் வரை சுடலாம், 50 மீட்டர் போட்டிக்கு 50 என்று போட்டிருப்பதை வாங்க வேண்டும்" என்று இருந்தது. இது தப்பு. சின்னத் தப்பு என்று விட்டுவிடலாம்தான், ஆனால் அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் ஒருவர் பணத்தைக் கொட்டிவிட்டார். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

3-9 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை திருகிக்கொள்ளலாம். 40 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். அவ்வளவுதான். தூரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 4x32 என்ற சின்ன ஸ்கோப்பை வைத்து 50 மீட்டரில் தாராளமாகச் சுடலாம், 50 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டதை வைத்து 10 மீட்டரில் ஒன்றும் தெரியாமல் விழிக்கவும் செய்யலாம்.

நான் சொன்ன அந்தத் தெருக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். மகள் பதினொன்றாம் வகுப்பு, பள்ளி மூலமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள், நன்றாகவே சுடுகிறாள். கட்டுரை வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு நீளப் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, "அண்ணே, பாப்பாவுக்கு வாங்கிட்டேன், 6-24x50, நீங்கதான் மாட்டிக் குடுக்கணும்" என்றார். தவணையில் வாங்கியிருக்கிறார். பெட்டியைப் பிரிக்கவிடாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "தம்பி, அவ சுடுற போட்டியில ஸ்கோப்பே வைக்கக் கூடாதுப்பா" என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை.

உங்கள் கட்டுரை சொல்லாமல் விட்டது இதைத்தான். ஒலிம்பிக்கில் வருகிற 10 மீட்டர், 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகள் எதிலும் ஸ்கோப் கிடையாது. பீப் சைட்தான், கண்பக்கம் ஒரு சின்னத் துளை, குழல் முனையில் ஒரு வளையம், அந்த வளையத்துக்குள் கறுப்பு வட்டத்தை உட்கார வைக்க வேண்டும். பாரிஸில் 2024ஆம் ஆண்டு ஸ்வப்னில் குசாலே 50 மீட்டரில் வெண்கலம் வாங்கினாரே, அது பாயின்ட் டூ டூ (.22 அங்குலத் தோட்டா) ரைஃபிளில்தான், ஸ்கோப் இல்லாமல்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், சென்னையில் பிறந்து 2012இல் லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் எல்லோரும் அந்தத் துளை வழியாகப் பார்த்துச் சுட்டவர்கள்தான். நம் நாட்டுப் போட்டிகளில் ஓபன் சைட் என்று, துளைக்குப் பதில் திறந்த பள்ளம் வழியாகக் குறி பார்க்கிற தனிப் பிரிவு உண்டு, அதிலும் ஸ்கோப் வராது. ஓடும் இலக்கைச் சுடுகிற பிரிவில் உண்டு, அது வேறு உலகம். ஆக, பிள்ளை எந்தப் போட்டியில் நிற்கப் போகிறது என்று பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கடைக்குப் போகவே கூடாது.

அப்படியானால் பாயின்ட் டூ டூ ரைஃபிளுக்கு ஸ்கோப் யாருக்குத்தான் வேண்டும் என்றால், என்னைப் போன்றவர்களுக்கு. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது 25 மீட்டரில் ஐந்து தோட்டாவை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டவன் நான். இப்போது வயது அறுபத்து நாலு. முன்சைட்டைப் பார்த்தால் இலக்கு பஞ்சுபோல மங்குகிறது, இலக்கைப் பார்த்தால் சைட் காணாமல் போகிறது. ஸ்கோப்பில் இரண்டும் ஒரே தளத்தில் தெரிவதால் சாளேசுரக் கண்ணுக்கு அது பெரிய ஆறுதல். மேசை மேல் மணல்மூட்டை வைத்து, ரைஃபிளை அதில் சாய்த்து, உட்கார்ந்தபடி 50 மீட்டர் காகிதத்தில் ஓட்டை போடுவது, பெஞ்ச் ரெஸ்ட் என்பார்கள், அதைத்தான் எங்கள் கிளப்பில் நாலைந்து பெரிசுகள் செய்கிறோம். கிளப்பின் பழைய பிர்னோ ரைஃபிள், செயலாளர் அனுமதியோடு என் சொந்த ஸ்கோப். (மணல்மூட்டை பற்றி ஒன்று. முதலில் காசிமேட்டுக் கடல் மணலைப் போட்டேன், உப்பு ஈரம் இழுத்துத் துணியெல்லாம் கசிந்தது. அப்புறம் பழைய ஜீன்ஸ் காலில் கேழ்வரகைக் கொட்டித் தைத்தேன், அருமையாக உட்கார்ந்தது, மூன்றாம் மாதம் வண்டு வந்தது. இப்போது சலித்துக் காயவைத்த ஆற்று மணல்.)

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். குறைந்த காசில் பாயின்ட் டூ டூவுக்கு ஸ்கோப் வாங்குகிறவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை மடங்கு" என்பது அல்ல. "இதன் பாரலாக்ஸ் எத்தனை கெஜத்துக்கு வைத்திருக்கிறார்கள்" என்பதுதான்.

பாரலாக்ஸ் என்றதும் பயப்பட வேண்டாம், பள்ளிப் புத்தகத்தில் இடமாறு தோற்றப் பிழை என்று நாம் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். ஸ்கேலை நேராகப் பார்த்தால் ஒரு அளவு, சாய்த்துப் பார்த்தால் இன்னொரு அளவு. பஸ்ஸில் டிரைவருக்கு இடப்பக்கம் இன்ஜின் மூடி மேல் உட்கார்ந்துகொண்டு வேகமானியைப் பார்த்தால் வண்டி நிற்கும்போதுகூட முள் பூஜ்யத்தில் இருக்காதே, அதே கதை. ஸ்கோப்புக்குள் குறுக்குக் கோடு ஒரு இடத்தில் இருக்கிறது, இலக்கின் பிம்பம் இன்னொரு இடத்தில் விழுகிறது, இரண்டும் ஒரே தளத்தில் விழுந்தால் கண்ணை எப்படி அசைத்தாலும் கோடு இலக்கை விட்டு நகராது. விழாவிட்டால், கண் நகர நகரக் கோடும் நகரும். ரைஃபிள் அசைந்திருக்காது, மணல்மூட்டையில் பாறை மாதிரி கிடக்கும், ஆனால் நீங்கள் குறி பார்த்த இடம் மாறியிருக்கும்.

திருகி மாற்ற வழியில்லாத சாதாரண ஸ்கோப்புகளில் இந்தப் பொருத்தம் ஒரே ஒரு தூரத்துக்குத்தான் சரியாக இருக்கும். பெரிய தோட்டா வேட்டைத் துப்பாக்கிகளுக்குச் செய்ததில் 100 கெஜம், சிலவற்றில் 150. பாயின்ட் டூ டூவுக்கென்று, அதாவது அடிவிளிம்பில் மருந்து வைத்த ரிம்ஃபயர் தோட்டாவுக்கென்று செய்ததில் பெரும்பாலும் 50 கெஜம், கிட்டத்தட்ட 46 மீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஒரே கறுப்பு, ஒரே 3-9x40, பல சமயம் ஒரே விலை.

வித்தியாசம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், எனக்கு வேறு என்ன வேலை. 40 மில்லிமீட்டர் கண்ணாடி, 100 கெஜத்துக்கு வைத்தது, இலக்கு 50 மீட்டரில். கண் ஓரத்துக்குப் போய்விட்டால் அதிகபட்சமாக 9 மில்லிமீட்டர் வரை குறி விலகும். 50 கெஜத்துக்கு வைத்ததில் அதே தவறுக்கு 2 மில்லிமீட்டர்கூட இல்லை. 50 மீட்டர் காகிதத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், உங்கள் சட்டைப் பட்டன் அளவு. ஒன்பது மில்லிமீட்டர் தள்ளிப் போனால் பத்து போய் ஒன்பது. சுட்டவர் கையைக் குறை சொல்வார், தோட்டாவைக் குறை சொல்வார், காற்றைக் குறை சொல்வார். இதே 100 கெஜ ஸ்கோப்பை 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் மாட்டினால் விலகல் 18 மில்லிமீட்டரை நெருங்கும், அங்கே பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி, பேனா முனையை வைத்து எடுத்தது போல. அதோடு இலக்கே கலங்கலாகத்தான் தெரியும்.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், பட்டுத்தான். முதலில் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் 3-9x40 ஒன்று வாங்கினேன், நாலாயிரத்துச் சொச்சம். ஏர்கன், டூ டூ, எல்லாவற்றுக்கும் ஆகும் சார் என்றார்கள். இரண்டு வாரம் சுட்டேன். ஐந்து தோட்டாவில் மூன்று ஒரே ஓட்டையாக விழும், இரண்டு மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு பக்கம். டூல்ரூமில் இருந்தவனுக்கு இது பொறுக்காது. ஒரு நாள் ஸ்கோப்பை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மொட்டை மாடியில் பழைய செய்தித்தாள் கட்டு (உங்கள் நாளிதழ்தான்) இரண்டை அடுக்கி, நடுவில் பள்ளம் செய்து அதில் ஸ்கோப்பைக் கிடத்தி, மூன்று வீடு தள்ளி இருந்த தண்ணீர்த் தொட்டியின் எழுத்துகள் மேல் குறுக்குக் கோட்டை வைத்தேன். தொட்டி வரை சுமார் 50 மீட்டர், தெருவில் நைலான் கயிறு பிடித்து அளந்ததுதான். பிறகு ஸ்கோப்பைத் தொடாமல் தலையை மட்டும் மெதுவாக மேலும் கீழும் ஆட்டினேன். கோடு, ஒரு எழுத்தின் மேல் விளிம்பிலிருந்து நடுவயிறு வரை இறங்கி ஏறியது. அதுதான் என் ஒன்பதும் எட்டும். இந்தச் சோதனைக்கு ஒரு தோட்டா செலவில்லை, கடையிலேயே வாசலில் நின்று எதிர்க்கடைப் பலகையைப் பார்த்துச் செய்துவிடலாம். ஒரே எச்சரிக்கை, ஸ்கோப்பை மட்டும் வைத்துச் செய்யுங்கள், துப்பாக்கியோடு மாடிக்குப் போகிற எண்ணமே வேண்டாம். வெறும் ஸ்கோப்புக்கே பக்கத்து வீட்டம்மா, "யாரைப் பாக்குறீங்க" என்று கேட்டு, என் வீட்டுக்காரம்மாவிடம் பஞ்சாயத்து வைத்துவிட்டார்.

சரி, கண்டுபிடித்தாயிற்று, திருத்தலாமே என்று கை அரித்தது. முன்கண்ணாடி ஒரு மரை வளையத்தில் உட்கார்ந்திருக்கிறது, வெளி வளையத்தைக் கழற்றிவிட்டு உள்ளே இருப்பதை வெளிப்பக்கமாகத் திருகினால் பாரலாக்ஸ் தூரம் கிட்டே வரும். பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு உள்ளங்கையை வளையத்தில் அழுத்தித் திருகினேன், முதலில் அசையவில்லை, பிறகு கிரீச்சென்று கால் சுற்று வந்தது. தொட்டியைப் பார்த்தேன், ஆட்டம் குறைந்திருந்தது. இன்னும் கொஞ்சம். ஒரு மணி நேரத்தில் கோடு ஒட்டவைத்த மாதிரி நின்றுவிட்டது. அந்த மாதம் முழுக்கச் சொர்க்கம். ஐந்துக்கு ஐந்து ஒரே இடத்தில் விழுந்தது, செயலாளரே காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

ஐப்பசி வந்தது. ஸ்கோப்புக்குள் ஈரம் போகாமல் இருக்க நைட்ரஜன் நிரப்பி மூடியிருப்பார்கள், நான்தான் அந்த மூடியைத் திறந்துவிட்டேனே. முதல் மழையில் உள்பக்கம் பனி படர்ந்தது, காயவைத்தேன், திரும்பப் படர்ந்தது. பொங்கல் சமயத்தில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்திவலை மாதிரி பூஞ்சை. கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்திருக்கக் கூடாது. கோயம்புத்தூர்க்காரர் செய்தால் ஒருவேளை தப்பித்திருப்பார்.

ஏற்கெனவே 100 கெஜ ஸ்கோப் வாங்கிவிட்டவர்களுக்குத் திறக்காமலே ஒரு கைவைத்தியம் இருக்கிறது. கெட்டி அட்டையில் முன்கண்ணாடிக்கு ஒரு மூடி செய்து, நட்டநடுவில் 20 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு மாட்டுங்கள். கண் அலைய இடம் பாதியாகிறது, பிழையும் பாதியாகிறது. வெளிச்சம் குறையுமே என்பீர்கள், குறையட்டும், நம் ஊர் வெயிலுக்கு அது ஒரு விஷயமே இல்லை. இன்னொன்று, கன்னம் ஒவ்வொரு தடவையும் கட்டையில் ஒரே இடத்தில் படிய வேண்டும். ஸ்கோப் வைத்ததும் கண் உயர்ந்துவிடும், கன்னத்துக்குப் பிடிமானம் போய்விடும். நான் ஒரு பழைய ஹவாய் செருப்பின் அடியை வெட்டி, மேலே துணி சுற்றி, கட்டையில் கட்டியிருக்கிறேன். பார்க்க அசிங்கம், வேலை சுத்தம்.

காசு கொஞ்சம் கூடப் போட முடியும் என்றால், முன்வளையத்தைத் திருகி தூரம் மாற்றிக்கொள்ளும் வகை இருக்கிறது, ஏஓ என்று எழுதியிருப்பார்கள். பலவற்றில் 10 கெஜம் வரை கிட்டே வரும். வளையத்தில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பாதீர்கள், தலையை ஆட்டிப் பார்த்து, கோடு நிற்கிற இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். என் இப்போதைய ஸ்கோப் அந்த வகைதான், புள்ளி என் மகளின் சிவப்பு நகப்பூச்சு.

எத்தனை மடங்கு என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். பெரிது நல்லது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. 24 மடங்கில் வைத்தால் உங்கள் இதயத் துடிப்பும் சேர்ந்துதான் 24 மடங்கு தெரியும். கத்திரி வெயிலில் பதினோரு மணிக்கு மேல் ரேஞ்சில் தரையிலிருந்து கிளம்புகிற கானல், இலக்கைத் தண்ணீருக்குள் போட்ட மாதிரி ஆட்டும், பத்துப் பன்னிரண்டு மடங்குக்கு இறக்கினால்தான் கண் நிதானத்துக்கு வரும். முன்கண்ணாடி விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் எவ்வளவு பெரிது என்று தெரியும்: 40க்கு 9 என்றால் நாலரை மில்லிமீட்டர் அளவு, 50க்கு 24 என்றால் இரண்டு சொச்சம். வட்டம் சிறுக்கச் சிறுக்கக் கண்ணை வைக்கிற இடமும் ஒடுங்கிக்கொண்டே போகும், கொஞ்சம் பிசகினால் படமே இருண்டுவிடும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 50 மீட்டரில் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்த ஐந்தரை மில்லிமீட்டர் ஓட்டை 9 மடங்கில் சரியாகத் தெரியாது. எழுந்து போய்ப் பார்க்கவும் முடியாது, மற்றவர்கள் சுட்டுக்கொண்டிருப்பார்கள். அதற்கு நாங்கள் நாலு பேர் சேர்ந்து தனியாக ஒரு தொலைநோக்கி வாங்கி முக்காலியில் வைத்திருக்கிறோம். அந்த வசதி இல்லாதவர் 16 மடங்கு வரை போகிற ஒன்றை வாங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

திருகுமணிகள். இது என் சொந்த ஏரியா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். குறியை மேலும் கீழும், பக்கவாட்டிலும் நகர்த்த மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, டிக் டிக்கென்று நகரும். பெரும்பாலான மலிவு ஸ்கோப்புகளில் ஒரு டிக் கால் நிமிடக் கோணம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் நிமிடம்), 50 மீட்டரில் அது 3.6 மில்லிமீட்டர். வெர்னியர் பிடித்தவர்களுக்கு லீஸ்ட் கவுன்ட் என்றால் உடனே புரியும். பிரச்சினை என்னவென்றால், கணக்கில் 3.6 என்று இருக்கும், உள்ளே இருக்கிற ஸ்பிரிங் மூன்றும் நகர்த்தும், ஐந்தும் நகர்த்தும், சில சமயம் ஒன்றுமே செய்யாமல் இரண்டு தோட்டாவுக்கு அப்புறம் திடீரென்று நகரும். சோதித்துவிட வேண்டும். ரைஃபிளை அசையாமல் கட்டிவைத்து, 50 மீட்டரில் ஒரு சார்ட்டில் பெரிய சதுரம் வரைந்து ஒட்டுங்கள், பக்கம் 14.5 சென்டிமீட்டர். கோட்டை ஒரு மூலையில் வைத்து, 40 டிக் மேலே, 40 வலது, 40 கீழே, 40 இடது. ஒவ்வொரு மூலைக்கும் போய், கடைசியில் கிளம்பிய மூலைக்கே திரும்பி வர வேண்டும். திரும்பி வராவிட்டால் ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சதுரம் கொஞ்சம் பெரிதாகவோ சின்னதாகவோ வந்தால் பரவாயில்லை, கணக்கு வைத்துக்கொள்ளலாம், திரும்பி வருவதுதான் முக்கியம். லேத்தில் கைச்சக்கரத்தில் சும்மா சுற்றுகிற தளர்ச்சி இருக்கிற மாதிரி இதற்கும் உண்டு, அதனால் கீழே இறக்கும்போது இரண்டு டிக் கூடுதலாக இறக்கிவிட்டு மேலே ஏற்றி நிறுத்துவது என் பழக்கம்.

ஸ்கோப்பை ரைஃபிளில் மாட்டுகிற வளையத்தில் காசு மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பிர்னோ, ஆன்ஷுட்ஸ் போன்ற ரைஃபிள்களின் மேல்பக்கம் 11 மில்லிமீட்டர் புறாவால் (டவ்டெயில்) பள்ளம், கடையில் அதிகம் கிடைப்பது அகலமான வீவர் வகை வளையம், ஒன்று மற்றொன்றில் உட்காராது. அளந்துகொண்டு போங்கள். ஸ்கோப் குழாயின் விட்டம் ஒரு அங்குலமா 30 மில்லிமீட்டரா என்று பாருங்கள். அல்லன் கீயின் குட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்து முறுக்கினால் போதும், முழங்கை பலம் காட்டினால் அலுமினியக் குழாய் நசுங்கி உள்ளே இருக்கிற கண்ணாடி இறுகிவிடும். குறுக்குக் கோடு செங்குத்தா என்று பார்க்க எதிர்ச்சுவரில் கொத்தனார் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, அந்த நூலோடு கோட்டை ஒட்டவைக்கிறேன், இதை விடச் சரியான கருவி இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பாயின்ட் டூ டூவின் உதை ஒன்றுமே இல்லை, இரண்டரை கிராம் ஈயம்தானே, அதனால் மலிவு ஸ்கோப்பும் வருடக்கணக்கில் தாங்கும். ஸ்பிரிங் போட்ட ஏர் ரைஃபிள்தான் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் உதைத்து ஸ்கோப்பைக் கொல்லும், அதற்கு அதற்கென்று செய்ததைத்தான் போட வேண்டும்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. எண்ணூர்ச் சாம்பலும் கன்டெய்னர் லாரிப் புழுதியும் கண்ணாடி மேல் படிந்திருக்கும்போது வேட்டி நுனியால் துடைக்காதீர்கள், அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மாதிரி. ரப்பர் பல்பால் ஊதிவிட்டு, பிறகு மெல்லிய பிரஷ். வீட்டில் வைக்கும்போது மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு வையுங்கள், ரைஃபிள் உறையோடு சேர்த்துப் பூட்டி வைத்தால் உறையில் இருக்கிற ஈரமே போதும் பூஞ்சைக்கு.

ஆக, கையில் பத்தாயிரம் இருந்தால் முழுவதையும் ஸ்கோப்பில் போடாதீர்கள் என்பேன். 50 கெஜத்துக்கு வைத்ததோ ஏஓ வகையோ, 4x32 அல்லது 3-9x40, பாதிப் பணம். நல்ல வளையம் ஒரு ஜோடி. மீதி தோட்டாவுக்கு, ஏனென்றால் ஒரே ரைஃபிளில் ஒரு கம்பெனித் தோட்டா பட்டன் அளவுக்குள் விழும், இன்னொன்று வடை அளவுக்குப் பரவும், எது எது என்று சுட்டுப் பார்த்துத்தான் தெரியும், அதற்கு எந்த ஸ்கோப்பும் உதவாது. பாயின்ட் டூ டூவுக்கு லைசென்ஸ் வேண்டும் என்பதையும் கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். 2016 ஆயுத விதிகள்படி .177 அளவில் 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் ரைஃபிளுக்குத்தான் லைசென்ஸ் தேவையில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டு எழுதியிருந்தீர்கள்.

அந்த 40 மீட்டர் வரிக்கு ஒரு திருத்தம் மட்டும் போட்டுவிடுங்கள். படத்தில் இருந்த ரைஃபிளில் ஸ்கோப் முன்பின்னாக மாட்டியிருந்ததையும் கவனித்தேன், அதை விட்டுவிடுகிறேன்.

ஆட்டோக்காரத் தம்பியின் பெட்டி இன்னும் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது, கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார். 6-24x50, ஏஓ உண்டு, 10 கெஜம் வரை வரும், பொருள் மோசமில்லை, வாங்கிய ஆள்தான் மாறிவிட்டது. பெஞ்ச் ரெஸ்ட் சுடுகிற வாசகர் யாராவது வாங்கிக்கொள்வதாக உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் எனக்குத் தெரிவியுங்கள், தம்பிக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி. இதை விளம்பரம் என்று நினைத்து வெட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல்ரூம் ஃபிட்டர்,
தண்டையார்பேட்டை, சென்னை.